ஏழு நொடி நேர்கோடு

அன்று காலை பத்தேகாலுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அறையில் இருந்தவர்கள்: மேசையில் படுத்திருந்த லிப்ட் மெக்கானிக், ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. அவருடைய மகள். புற்றுநோய் டாக்டர் அம்மா. கதிரின் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் எல்லாருக்கும் அவர் பென்சில் சார். பேஸ்மேக்கரைச் சோதிக்க இதயப் பிரிவிலிருந்து வந்த அக்கா. கதிர் இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன் பெண். இதயத் துடிப்பு ஓடும் திரையைப் பார்க்க நான்.

நான் தேவையில்லை என்றுதான் முதலில் பேச்சு. 'சொந்தத் துடிப்பு 50' என்று ஃபைலில் இருந்தது. பேஸ்மேக்கர் நின்றுபோனாலும் இதயம் தானாக ஐம்பது முறை துடித்துச் சமாளிக்கும் என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்டவருக்குத் தனியாக ஓர் ஆளைத் திரைமுன் உட்காரவைக்க வேண்டியதில்லை. அக்கா பிடிவாதமாக என்னையும் இழுத்து வந்திருந்தார்.

மெக்கானிக்கின் நுரையீரலில் கட்டி. அது நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாயை நெரித்ததில் முகமும் கழுத்தும் வீங்கியிருந்தன. மூன்று வாரமாக உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இங்கேயும் முதுகுக்கு உயரமாகச் சாய்வு வைத்துத்தான் படுக்க முடிந்தது. ஐந்து நாள் கதிர் கொடுத்தால் கட்டி சுருங்கும், வீக்கம் வடியும். ஆனால் கட்டிக்கு ஆறு சென்டிமீட்டர் தள்ளி, இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் பேஸ்மேக்கர் பெட்டி இருந்தது. கதிர் நேராக அதன்மேல் விழாது. சிதறுவது விழும். சிதறல் அதிகமானால் பெட்டி குழம்பும், நின்றும் போகலாம்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நானே பாத்துடறேன்," என்றார் அக்கா.

"ஃபைல்ல இருக்கேம்மா," என்றார் டாக்டர்.

"ஃபைலா படுத்திருக்கு? இவர்தானே படுத்திருக்கார்."

டாக்டர் கையை விரித்தார். அக்கா சோதனைக் கருவியின் வட்டத் தலையை மெக்கானிக்கின் மார்பில் வைத்தார். "ஐயா, பெட்டியோட வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன். தலை சுத்துற மாதிரி இருந்தா உடனே சொல்லணும்."

"சும்மா படுத்திருக்கவா, பேசலாமா?"

"பேசுங்க. பேசினாதான் எனக்கும் தெரியும்."

"மாட்டிக்கிட்டீங்க," என்றாள் மகள். "இனி நிறுத்த மாட்டார்."

அவர் தொடங்கினார். ஏதோ எட்டு மாடிக் கட்டடம், லிப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள். அக்கா அறுபதிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினார். திரையில் ஐம்பது. நாற்பதுக்கு இறக்கினார். நாற்பது. எந்த இதயமும் சொன்ன எண்ணுக்கு இப்படி வரிசைகட்டி நிற்காது. முப்பது. துல்லியமாக முப்பது.

"ஒரு சில செகண்ட் நிறுத்திப் பாக்கறேன்," என்று அக்கா ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

கோடு நேரானது.

மெக்கானிக் பேசிக்கொண்டிருந்தார். "ஒரே கூச்சல், கம்பி அறுந்துடுச்சுன்னு. நான் மேல ஏறி, கதவை நெம்பி…" குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கண் என்னைப் பார்த்தது. இமை கொட்டியது. நெஞ்சுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நொடி. நான்கு. "டார்ச் அடிச்சுப் பாத்தா, உள்ள அந்த ஆள் நல்லா…" ஐந்தில் சொல் இழுபட்டது. ஆறில் உதடு மட்டும் அசைந்தது. ஏழில் கண் மேலே செருகியது. அக்கா விரலை எடுத்தார். ஓர் அலை. இன்னொன்று.

"…குறட்டை விட்டுத் தூங்கறான்," என்று கதையை முடித்தார் மெக்கானிக். பிறகு எங்களைப் பார்த்தார். "என்ன, ஒருத்தரும் சிரிக்கல?"

இருபது வருட அனுபவமுள்ள டாக்டர் தன் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டு நின்றார். கடைசித் துடிப்பு தள்ளிவிட்ட ரத்தம் மூளையில் இருந்தவரை மெக்கானிக் கதை சொன்னார். தீர்ந்ததும் நின்றார். மீண்டும் வந்ததும் அடுத்த சொல்லிலிருந்து தொடர்ந்தார். பெட்டி வைத்து ஆறு வருடம். நிமிடத்துக்கு அறுபது என்றால் பத்தொன்பது கோடித் துடிப்புக்குக் கொஞ்சம் குறைவு. அவர் சாப்பிட்டது, படி ஏறியது, மகளிடம் திட்டு வாங்கியது எல்லாம் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். அத்தனையையும் தீப்பெட்டி அளவே இருக்கும் ஒரு பொருள், ஒன்றுகூட விடாமல், ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறது. நான் பல்லாயிரம் மணி நேரம் இதயத் திரைகளைப் பார்த்தவன். எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"யார் இந்த ஐம்பதை எழுதினது?" என்றார் அக்கா.

கையெழுத்துக் கிறுக்கல். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"ரெண்டு வருஷம் ஆச்சு. நடுவுல இதயம் மோசமாகியிருக்கலாம்," என்றார் டாக்டர்.

தப்பித்துக்கொள்ள நல்ல வழிதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"இல்ல டாக்டர். அது என் கையெழுத்து. ஐம்பதோட நிறுத்திட்டேன். அதுக்குக் கீழ இறக்கிப் பாக்கவே இல்ல."

இதயப் பிரிவில் நான் இரவு வேலை பார்த்த காலம். காலை ஆறுக்குப் பத்து நிமிடம். இவருடைய பெட்டியின் வேகத்தை ஐம்பதுக்கு இறக்கினேன், திரையில் ஐம்பது வந்தது, சொந்தத் துடிப்பு என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். பெட்டி கொடுத்த துடிப்பை மனிதனுடையதாக எழுதியிருக்கிறேன். பெட்டி கிளப்பும் அலை திரையில் அகலமாக விழும், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சில மாதத்தில் இரவு வேலையை விட்டேன். காரணம் மனசாட்சி அல்ல. இப்படி ஒரு தப்புச் செய்தது இன்று வரை எனக்கே தெரியாது.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்போ அந்தப் பெட்டி நின்னா?"

"இதயமும் நிக்கும்."

"இதைத் தெரியாமலேயே இன்னிக்கு ஆரம்பிச்சிருப்பீங்க."

"ஆமாங்க."

அவள் கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மெக்கானிக்தான் பேசினார். "ஏம்ப்பா, எங்க லிப்டுக்கு சர்ட்டிபிகேட் குடுக்க ஒரு சோம்பேறி வருவான். அவனே கீழ் மாடி வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவான்."

டாக்டர் இரண்டு வழியைச் சொன்னார். பெட்டியை வலது பக்கம் மாற்றி வைக்கலாம். அதற்கு நேராகப் படுக்க வேண்டும், அது இவரால் முடியாது. முடிந்தாலும் புண் ஆற இரண்டு வாரம். அதற்குள் மூச்சு அடைத்துவிடும். இல்லையென்றால் இன்றே, எச்சரிக்கையோடு, பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்க, கதிர் கொடுக்கலாம்.

"அப்பா, அவசரப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"மூணு வாரமா ராத்திரி பூரா உக்காந்து அதைத்தானேம்மா செய்யறேன். எனக்குப் படுத்துத் தூங்கணும். இன்னிக்கே பண்ணச் சொல்லு."

பென்சில் சார் காதிலிருந்து பென்சிலை உருவினார். "பழைய திட்டத்துல அதிக சக்திக் கதிர் போட்டிருக்கேன். அது நியூட்ரான் துகளைக் கிளப்பும். ஒண்ணே ஒண்ணு போய்ப் பெட்டிக்குள்ள இருக்கிற மெமரி சிப்புல இடிச்சாலும் தொல்லைதான். குறைஞ்ச சக்தியில மறுபடி போடறேன். ஒரு மணி நேரம் குடுங்க."

ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. நியூட்ரான் பயம் போயிற்று. பெட்டிமேல் விழும் சிதறல், அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை. "சுத்தமா ஆபத்தே இல்லைன்னு எழுதித் தர மாட்டேன்," என்றார் சார். "எழுதி வெச்சதோட லட்சணத்தை இன்னிக்குக் காலையில பாத்தோமே."

அதற்குள் நாங்கள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். மெக்கானிக்கின் மார்பிலும் முதுகிலும் பட்டைகள் ஒட்டியாகிவிட்டது. பெட்டி நின்றால், அந்தப் பட்டைகள் வழியே வெளியிலிருந்து இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவி கால்மாட்டில் தயாராக இருந்தது. ஆனால் கதிர் ஓடும்போது அறையில் ஆள் இருக்கக் கூடாது. பெட்டி நின்றால் கதிரை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து யாராவது ஓடிவந்து கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். இடையில் ஒன்பது டன் கதவு, அதற்குப் பின் கதிர் நேராக வெளியேறாதபடி வளைத்துக் கட்டிய நடைவழி.

டெக்னீஷியன் பெண் நேரம் பார்த்தாள். நான் ஓடினேன். முதல் முறை பதினாறு நொடி. கதவு முழுதாகத் திறக்கக் காத்திருந்தது தப்பு. அடுத்தது பதின்மூன்று. மூன்றாவது முறை, கதவு ஓரடி நகர்ந்ததுமே பக்கவாட்டில் நுழைந்தேன். தோள் சிராய்த்தது. பதினொன்று. அதற்கு மேல் குறையவில்லை.

"கதவு அவ்வளவு மெதுவாவா திறக்குது?" என்றார் மெக்கானிக். "என்கிட்ட குடுத்திருந்தா நாலு செகண்டுல திறக்க வெச்சிருப்பேன்."

டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களுக்கு ஏழு செகண்ட் தாங்குது. இவர் வர பதினொண்ணு ஆகும். பெட்டி நின்னா, நடுவுல நாலஞ்சு செகண்ட் நினைவு இருக்காது. உயிர் போகாது."

"யாரு ஓடறது?"

"நான்," என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பவும் பாதியிலேயே நிறுத்திட மாட்டியே?"

"மாட்டேன்."

மகள் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். அவள் போனாள். டாக்டர், அக்கா, பென்சில் சார் போனார்கள். டெக்னீஷியன் பெண் மேசையின் நிலையைக் கடைசியாகச் சரிபார்த்துவிட்டுப் போனாள். நான் பட்டைகளின் ஓரங்களை மறுபடி அழுத்தினேன்.

"தொட்டுப் பாக்கறியா?" என்றார் மெக்கானிக்.

காறை எலும்புக்குக் கீழே அந்தச் சிறு மேட்டில் இரண்டு விரலை வைத்தேன். உடம்பின் சூடு. அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. உள்ளே வேலை நடப்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. விரலை நகர்த்திக் கழுத்தில் வைத்தேன். அங்கே வந்தது. ஒன்று. ஒன்று. ஒன்று.

"போ. நான் ஆடாம இருக்கேன்."

வளைந்த நடைவழியில் நடந்து வெளியே வந்தேன். திரையும் கதவும் ஒரே பார்வையில் விழும்படி, ஒரு காலை முன்வைத்து நின்றேன். டெக்னீஷியன் பெண் என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். அவருடைய அறையின் கதவு மெல்ல நகர்ந்து, சுவரோடு பொருந்தி, பூட்டிக்கொண்டது.