பதினோராவது கதவு

பழக்கதோஷம் பொல்லாதது. இருபத்திரண்டு வருடமாக நவோட்டாஸ் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து கொடுத்து, கொடுத்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் வட்டம் போட்டே பழகியவள் சுகாதார ஊழியர் நெனிதா. இந்த முறையும் கை தன்னால் போட்டுவிட்டது.

ஆனால் இந்த முறை சொட்டுமருந்து இல்லை. ஷாபு என்ற போதைத்தூளுக்கு அடிமையானவர்களைப் பிடித்து உள்ளே போடாமல், சுகாதார நிலையத்துக்கு வரவழைத்து சிகிச்சையும் வேலையும் கொடுப்பது என்று புதுத் திட்டம். சந்தில் ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? ஆறு வருடத்துக்கு முன்பும் "வந்து பெயரைக் கொடுங்கள், ஒன்றும் ஆகாது" என்றுதான் சொன்னார்கள். பெயர் கொடுத்தவர்களை ஹெல்மெட் போட்ட ஆட்கள் பைக்கில் தேடி வந்தார்கள். நெனிதாவின் பக்கத்து வீட்டிலிருந்து மட்டும் இரண்டு சவப்பெட்டிகள் போயின.

அதனால் அவள் முதலில் தன் தம்பி ரோடெலிடம்தான் போனாள். ஐஸ் ஆலையில் வேலை. ராத்திரி கண் விழிக்கவென்று ஷாபுவைத் தொட்டவன், பிறகு விட முடியாமல் எலும்பும் தோலுமாகிவிட்டான்.

"பேரா? போன தடவை குடுத்தவன்லாம் மண்ணுக்குள்ள சொகமா தூங்குறான். நானும் போய்ப் படுக்கணுமா?"

"இந்தப் பட்டியல் என் பீரோவ விட்டு வெளிய போகாதுடா. சாவி என் கழுத்துல கெடக்கு, பாரு."

"சரி, ஒனக்காக எழுதுறேன்க்கா. கவர்மெண்டுக்காக இல்ல."

அவன் எழுதியதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுதினார்கள். மூன்று வாரமாக ரோடெல் அந்தத் தூளைத் தொடவில்லை. அவன் கன்னத்தில் சதை பிடிப்பதைப் பார்த்து நெனிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான், வீடு வீடாகப் போகப்போகும் புது நர்ஸ் வழி தெரியாமல் தவிக்கக் கூடாதே என்று, பதினோரு கதவிலும் வட்டம் போட்டாள். பீரோவில் பூட்டி வைத்த பட்டியலைத் தெருவில் எழுதி வைத்தாள், மகராசி!

செவ்வாய்க்கிழமை காலை ரொட்டிக்கடை பாசிங் அவளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி நெனிதா, ரெண்டு நாளா ஒரு பைக்கு சுத்துது, நம்பர் பிளேட்டே இல்ல. அதுல வர்ற ரெண்டு பேரும் ஆளுங்களயே பாக்கல, கதவுகளத்தான் பாத்துட்டுப் போறானுங்க. கதவு வாங்க வந்திருக்கானுங்களோ?"

பாசிங் சிரித்தாள். நெனிதாவோ வாங்கிய ரொட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டு, ஒரு துணியை நனைத்துக்கொண்டு ஓடினாள்.

சந்தின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வட்டமாக அழுத்தித் துடைத்தாள். புகையும் மீன்பிசுக்கும் ஏறிய கதவுகள் அவை. துடைத்த இடம் பளிச்சென்று வேறாகத் தெரிந்தது. அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. பத்தை முடித்துக்கொண்டு கடைசிக் கோடியில் இருந்த ரோடெலின் வீட்டுக்கு வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தாள்.

பைக் எதிர்க் கடையோரம் நின்றிருந்தது. பின்சீட்டில் இருந்தவன் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு சோடா குடித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பத்து ஆச்சு," என்றான் மரியாதையாக. "இன்னும் பாக்கி இருக்காக்கா?"

துடைத்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். துடைக்காவிட்டால் வட்டம் அங்கேயே இருக்கும். நெனிதா கதவில் முதுகைச் சாய்த்து வட்டத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல தம்பி. முடிஞ்சிருச்சு. இது காலி வீடு."

"அப்படியா?"

"ஆமா. ரொம்ப நாளா காலி."

அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகியது.

"அக்கா, நீயா? குரல் கேட்டுச்சு. உள்ள வா, காபி போட்டுட்டேன்."

பின்சீட்டில் இருந்தவன் சோடா பாட்டிலைக் கடைக்காரரின் பெட்டியில் பத்திரமாகத் திருப்பி வைத்தான். பிறகு ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கினான்.