மேட்டு வீடு

வீட்டை எங்கே கட்டுவது என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னாள், அதுதான் வினை.

கரடாகக் கிடந்த பொட்டலைச் சர்க்கார் பிரித்துக் கொடுத்தபோது, சட்டி பானை மூட்டையோடு முதலில் வந்து இறங்கியது அவளும் அவள் புருஷனும்தான். பின்னால் வந்தவர்கள் அவருக்கு ‘மொதக்குடி’ என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேருக்கே மனிதர் ஒரு சாண் உயர்ந்துபோனார். அடுத்த வண்டியில் வந்தவர்கள் சுற்றி நின்று பார்க்க, நிலத்தின் நடுவே இருந்த மேட்டில் கடப்பாரையை நட்டு, “இங்கதான் வீடு. வாசல்ல நின்னா நம்ம நிலம் பூரா தெரியணும்” என்றார்.

அவள் மேற்கே கையைக் காட்டினாள். “அங்க வெறும் பாறை. எப்படியும் புல்லுகூட மொளைக்காது. வீட்டை அங்க வச்சுக்கிட்டு இந்த மேட்டை உழலாமே. மண்ணு பாக்க நல்லா இருக்கே.”

“வந்ததும் வராததுமா எனக்குப் பாடம் எடுக்கிறியா? போ, உலை வைக்கிற வழியைப் பாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் உலை வைக்கப் போனாள்.

அதற்கப்புறம் அந்தக் குடும்பம் பயிர் செய்ததா, கல் பொறுக்கியதா என்று கேட்டால், கல்தான் பொறுக்கியது. ஒவ்வொரு உழவுக்கும் புதுக் கல் மேலே வரும். பொறுக்கி வேலியோரம் போட்டால், அடுத்த மழைக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். விளைந்தது அரை வயிற்றுக்கு. மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டுக் கல் தூக்கினான். ஒருநாள் பாறை ஒன்றைப் புரட்டும்போது முதுகு பிடித்தது, பிடித்தது பிடித்ததுதான். இப்போது டவுனில் ஒரு கடை வாசலில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். நேராக நிமிர முடியாது. பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுப்படிக்குப் பின்னால் அவள் வீசியெறிந்த பூசணி விதை மட்டும் கூரை ஏறிக் காய்த்துத் தள்ளியது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். “ஏன்க்கா, உங்க வீட்டுக்காரரு வயலைக் கீழ வச்சிருக்காரு, நீங்க கூரை மேல வச்சிருக்கீங்களா?” மொதக்குடி காதில் அது விழும். “கழுவுற தண்ணி அங்க போகுதில்ல, அதான்” என்பார் வெடுக்கென்று.

கடைசியில் சின்னவனும் போகிறேன் என்றான். “இந்தக் கல்லோட என்னால மாரடிக்க முடியாதும்மா” என்று சொல்லிவிட்டு, மில்லில் வேலை கேட்க டவுனுக்குப் போயிருந்தான். அவனும் போய்விட்டால் அந்த மேட்டில் அவளும் அந்த மனிதரும் மட்டும்தான். அதை நினைத்து அவருக்கும் உள்ளுக்குள் உதைத்திருக்க வேண்டும். “தனி ரூம் ஒண்ணு கட்டிக் குடுத்தா இருப்பான்” என்று, அடுப்படியை ஒட்டி அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்.

அவள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனபோது அவர் இடுப்பளவு பள்ளத்தில் நின்றார். கடப்பாரை ஒரு தடவைகூட ‘ணங்’ என்று சத்தம் போடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினாள். கறுப்பாக, ஈரமாக, தொட்டால் உதிர்கிற மண். மருந்துக்குக்கூட ஒரு கல் இல்லை. வீடு, தொழுவம், களம் எல்லாம் இதன்மேல்தான் உட்கார்ந்திருந்தன.

“ஐயோ, இதைப் பாருங்களேன்! வீட்டைப் பிரிச்சு அந்தப் பாறை மேல போட்டுக்கலாம். நம்ம மூணு பேருக்கு இந்த மேடு போதும். சின்னவன் வந்ததும் காட்டுங்க, அவன் போகவே மாட்டான்.”

அவர் மேலே ஏறி வந்தார். வேலியோரத்துக் கல்லைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து பள்ளத்தில் கொட்டினார்.

“என்ன பண்றீங்க?”

“தெரியும்டி” என்றார், அவள் முகத்தைப் பாராமல். “மொத நாளே தெரியும். வீட்டுக்கு ரெண்டாவது கம்பம் நட குழி போட்டப்பவே.”

“தெரிஞ்சுமா?”

“எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. பொண்டாட்டி சொல்லித்தான் எடத்தை மாத்துனான்னு பேசமாட்டாங்களா?”

இத்தனை வருஷக் கல்லும் இந்த ஒரு பேச்சுக்காகவா! பாவி மனுஷா, என் பிள்ளையின் முதுகு!

சின்னவன் தோளில் பையோடு வந்து சேர்ந்தபோது பள்ளம் பாதி தூர்ந்திருந்தது. அவள் அவன் முன்னால் மூடிய கையைத் திறந்தாள். அவன் மண்ணை விரலால் நசுக்கினான், முகர்ந்தான்.

“யாரு நிலத்து மண்ணும்மா இது? குடுத்து வச்ச ஆளு.”

“நம்ம அடுப்படி மண்ணுடா” என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் இருந்துவிடுவான் என்று நம்பித்தான் சொன்னாள்.

அவன் பள்ளத்தைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

“அண்ணனுக்கு முதுகு போனப்பவும் உங்களுக்குத் தெரியுமாப்பா?”

அவர் கூடையைத் தட்டித் தூசியை உதிர்த்தார்.

“மண்ணு கெடக்கட்டும்மா. இவர்கூட எப்படி இருக்கச் சொல்றே?” என்றான் சின்னவன். பையை அவன் இறக்கவே இல்லை, அப்படியே திரும்பி நடந்தான். அவள் ரோடு வரை கூடவே ஓடினாள். அழுதாள், கெஞ்சினாள். பஸ் வந்தது, ஏறிவிட்டான்.

அவள் திரும்பி வந்தபோது பள்ளம் மட்டமாகியிருந்தது. மொதக்குடி அதன்மேல் நின்று மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை போய்விட்டானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “ஊர்ல யார்கிட்டயும் இதைச் சொல்லித் தொலைக்காதே” என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வந்தது. “என்னக்கா, ரூம் வேலை நின்னுபோச்சா? பையன் ஏன் வந்த காலோட திரும்பிப் போறான்?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலியோரம் போய், குவிந்து கிடந்த கல்லில் ஒன்றின்மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

“இங்க வா, சொல்றேன். உன் மாமியாரையும் கூப்பிடு, அவங்களும் அன்னைக்கு நின்னு சிரிச்சவங்கதான்” என்றாள். மாமியார் வந்ததும், மேட்டில் கடப்பாரையை நட்ட நாளிலிருந்து ஆரம்பித்தாள்.