மெர்சிங்கில் ஒரு பூட்டு

இந்தக் காலத்து ஆட்கள் வீட்டுக்கு மூன்று பூட்டுப் போடுவார்கள், கைப்பேசிக்கும் பூட்டுப் போடுவார்கள். பழைய கார் விலைக்கு வாங்கிய சைக்கிளை மட்டும் கடற்கரையில் ஒரு கம்பத்தில் தொங்கவிட்டு நீந்தப் போவார்கள். கேட்டால் போட்டியாம்.

என் மகள் கஸ்தூரியும் அப்படித்தான். முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆனவள். ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, இனி அடங்குவாள் என்று பார்த்தால், ஓட்டமே இல்லாத போட்டியைத் தேடிப் பிடித்துவிட்டாள். அக்குவாபைக்காம். கடலில் நீந்தி வந்து அப்படியே சைக்கிள் ஏறவேண்டும். போன வருஷம் நேரம் தாண்டி வந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த வருஷம் எப்படியும் முடிப்பேன் என்று, சிங்கப்பூர் வேலை முடிந்து எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று வந்த களைப்பிலும் ஸ்கூடாய் ரோட்டில் மிதித்தாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் நான்தான் வாசலுக்கு ஓடுவேன்.

போட்டியன்று மெர்சிங்கில் அவள் கடலில் இறங்கியதும் வேலியோரம் போய் நின்றேன். உள்ளே குறுக்குக் கம்பத்தில் வரிசையாகத் தொங்கும் சைக்கிள்கள். ஒன்றுக்கும் பூட்டு இல்லை. மஞ்சள் சட்டை போட்ட இர்ஃபான் என்பவர்தான் காவல். அவரும் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார்.

சந்தையில் கண் மூடித் திறப்பதற்குள் மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்தவன் நான். அன்றிலிருந்து கனத்த சங்கிலி ஒன்று கூடவே வரும். கஸ்தூரியின் சைக்கிள் வேலியை ஒட்டியே தொங்கியது. கம்பி வழியாகச் சங்கிலியை விட்டு, பின்சக்கரத்தைச் சுற்றி, பூட்டை என் பக்கம் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். அதைவிடப் பத்திரமான இடம் எது? டீ குடிக்கப் போனேன்.

பாதி டீகூடக் குடிக்கவில்லை.

"அப்பா!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஓடினேன். ஈரம் சொட்டச் சொட்ட அவள் சைக்கிளை இழுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"அலமாக், அங்கிள்! ரேஸ்ல யாராச்சும் பூட்டுவாங்களா?" என்றார் இர்ஃபான்.

"நீ போனையே பாத்துக்கிட்டிருந்தா வேற என்ன பண்றது?"

"சண்டையை அப்புறம் போடுங்கப்பா! சாவி!" என்று கத்தினாள் கஸ்தூரி.

வியர்வையில் கயிற்று முடிச்சு இறுகிவிட்டது. அவிழ்த்தால் வரவில்லை. கடைசியில் சட்டையைத் தூக்கி, வயிற்றை வேலியில் ஒட்டிக் குந்தி, சாவியைக் கயிற்றோடே பூட்டில் நுழைத்தேன். பின்னால் எவனோ சிரித்தான். இன்னொருவன் படம்கூட எடுத்தான். வெட்கம் கெட்டவன்.

திறந்ததும் என்னைப் பார்க்காமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள்.

வெயில் ஏறியது. திரும்பி வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். கடைசி வளைவில் அவள் தலை தெரிந்தபோது, நேரம் முடிந்ததென்று ஹாரன் ஊதிவிட்டார்கள்.

இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "எந்தத் திருடன் வந்தான், சொல்லுங்க."

"சங்கிலி இருந்துச்சு. வரல."

"அப்ப மத்த சைக்கிளு? அதுக்கெல்லாம் எது காவல்?"

"பூட்டுற ஆள் ஒருத்தன் நிக்கிறான்னு தெரிஞ்சா எவன் கிட்ட வருவான்?"

"முடியல லா, அங்கிள்," என்று இர்ஃபான் தலையில் கை வைத்தார்.

கஸ்தூரி சிரிக்கவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "அடுத்த வருஷமும் வருவேன். நீங்க வீட்லயே இருங்க."

சைக்கிளைச் சாப்பாட்டுக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். பூட்டாமல்தான். சங்கிலியோடு ஓரடி எடுத்து வைத்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு காரைப் பார்த்து நடந்தேன். சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முழியே சரியில்லை.