இணைப்பு: சேலை ஒன்று (அசல்)

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு. ஒரு மனுவில் ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதிவிட்டேன். அது என்ன சொல் என்று இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவீர்கள். ஆகவே ஐந்தாம் பகுதிவரை வாயைத் திறக்கமாட்டேன். (தலைப்பைப் படித்துவிட்டவர்கள் தெரியாததுபோல் நடிக்கவும்.)

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பதினோரு தறி, ஓர் எழுத்தாளன். எழுத்தாளன் நான், சீனிவாசன். நான் கதை எழுதுவது தெருவில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று மனு எழுதுவது எல்லோருக்கும் தெரியும்.

2

முதல் தொடக்கம்: "ஆலயமணியும் தறியோசையும் கலந்தொலிக்கும் காஞ்சி மாநகரிலே, ஒரு பொன்மாலைப் பொழுதில்—"

வேண்டாம். ஓட்டல் வரவேற்பறையில் மாட்டத்தான் லாயக்கு.

இரண்டாம் தொடக்கம்: "அர்ஜுனன் ஒரு கொடியவன். அவன் மீசையே—"

இதுவும் நிற்கவில்லை. வில்லனாக்கப் படாதபாடு பட்டேன். மீசை வைத்தேன், கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். நிஜ அர்ஜுனனுக்கு மீசை கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர். இப்படிப்பட்டவரை வைத்து என்ன கதை எழுதுவது?

சரி, நேராகவே சொல்கிறேன். ஐயம்பேட்டைக்காரரான அர்ஜுனன், எங்கள் தெருக்கோடியில் மூடிக்கிடந்த கல்யாண மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே நைட் கிளப் வரப்போகிறது என்றார். தெருவே கூடியது.

"நைட் கிளப்னா இன்னாபா?" என்றாள் எங்கள் தெருவில் தறி நெய்யும் ரேவதி.

"கேரம் கிளப் மாதிரிதான். நைட்ல ஆடுவாங்க," என்றார் தேவேந்திரன். எதிர்ப்புக் குழுத் தலைவர் அவர்தான்.*

* அவரிடம் மட்டும்தான் மைக் இருந்தது.

பேர்தான் நைட், பாட்டு மத்தியானம் மூன்று மணிக்கே ஆரம்பம் என்று தெரிந்ததும் கூட்டம் கொதித்தது.

3

அர்ஜுனன் கொதிக்கவில்லை. "சத்தம் ஒரு சொட்டு வெளிய வராதுங்க. புதன்கிழமை பகல்லயே பாட்டு போட்டுக் காட்றேன். நீங்க தறியில உக்காந்துக்கினு உங்க வேலையைப் பாருங்க. தொந்தரவா இருந்துச்சுன்னா நானே மூட்டை கட்டிக்கினு போய்டறேன்."

புதன்கிழமை பதினோரு மணியிலிருந்து ஒரு மணிவரை பாட்டு ஓடியது. தரை வழியாக தும், தும் என்று ஏதோ வந்தது. யாருக்கும் காது வலிக்கவில்லை. முடிந்ததும் அர்ஜுனன் இனிப்போடு வந்தார். "எங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை" என்று பதினோரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

(அந்தத் தாளை எழுதிக் கொடுத்ததும் நான்தான். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.)

4

சாப்பிட்டு வந்து தறியைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வீடு அலறல்.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். சேலையில் ஒரு மயில் உருவத்துக்கும் (புட்டா என்போம்) அடுத்த மயிலுக்கும் நடுவில் இத்தனை இழை என்று கணக்கு உண்டு. அதை வாய் எண்ணாது, கால் எண்ணும். வாய் ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும்போதே தறிக்குக் கீழே மிதியில் இருக்கும் கால் தப்பாமல் எண்ணிக்கொண்டுபோகும். அன்றைக்கு அந்தக் கால்கள் எண்ணுவதை விட்டுவிட்டு அர்ஜுனன் பாட்டுக்குத் தாளம் போட்டிருக்கின்றன. பதினோரு தறியிலும் ஒரு சாண் நீளத்துக்கு மயில்கள் ஷேர் ஆட்டோவில் ஏறியதுபோல நெருக்கியடித்து நின்றன.

"என் மயிலு ஒண்ணு இன்னொண்ணு மேல காலை வெச்சுக்கினு நிக்குதுபா," என்றார் தேவேந்திரன்.

பத்து வீட்டிலும் பட்டு முதலாளியுடையது. கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்று அன்று மாலைக்குள் பிரித்து மறுபடி நெய்துவிட்டார்கள். ரேவதி மட்டும் பிரிக்கவில்லை. பிரித்தால் பட்டு பிசிறிவிடும் என்று அப்படியே நெய்து முடித்தாள். அவள் தறியில் இருந்தது அவளுடைய சொந்தச் சேலை. மகள் தேவிப்ரியாவின் முகூர்த்தச் சேலை.

"இருபத்திரண்டு வருஷமா ஊரான் வூட்டுப் பொண்ணுங்களுக்கு நெய்ஞ்சேன் அண்ணா. எங்க வூட்டுக்குன்னு நெய்ஞ்சது இது ஒண்ணுதான்."

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

5

தெருவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் அர்ஜுனனிடம் இருக்கிறது. போய் முறையிட்டபோது சிரித்துக்கொண்டே அதைத்தான் எடுத்துக் காட்டினார். அதை மறுக்க உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி ரேவதியின் சேலை. போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். மனுவின் கடைசி வரி: "இணைப்பு: சேலை ஒன்று (அசல்)."

போட்டோ என்று எழுதியிருக்கலாம். நகல் என்று எழுதத்தான் கை போனது. சேலைக்கு ஏது நகல் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு, பெருமையாக அசல் என்று போட்டேன்.

வாங்கிய அலுவலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "அசல்னு எழுதியிருக்கீங்க. அடுத்த திங்கள் அசலைக் கொண்ணாந்து வெச்சுடுங்க. இல்லாட்டி மனு தள்ளுபடி. விசாரணை முடிஞ்சதும் திருப்பித் தருவோம்."

"எப்போ சார் முடியும்?"

"முடியும்போது முடியும்."

கல்யாணம் வருகிற வியாழக்கிழமை.

6

முடிவு அ: ரேவதி சேலையைக் கொடுக்கிறாள். கிளப் வரவில்லை. தேவிப்ரியா கடைச் சேலையில் மணவறைக்கு வர, தாய் கண்கலங்கி—

இதை ரேவதியிடம் படித்துக் காட்டினேன். "தெருவுக்காக என்னை அழவெச்சிட்டு நீங்க பேரு வாங்கிக்கலாம்னு பாக்கறீங்களா?" என்றாள்.

முடிவு ஆ: கொடுக்கவில்லை. கிளப் வருகிறது. தினமும் மூன்று மணிக்குப் பதினோரு வீட்டிலும் மயில்கள் முட்டிக்கொள்கின்றன.

இதைத் தேவேந்திரனிடம் படித்தேன். மைக்கை எடுக்கப் போனார். ஓடிவந்துவிட்டேன்.

முடிவு இ: அர்ஜுனனே மனம் மாறி— இல்லை. அவர் ஏற்கெனவே நல்லவர். மாற எதுவும் மிச்சமில்லை.

7

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைசிப் பகுதியைக் கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. எங்கள் டோக்கன் நாற்பத்திரண்டு. உள்ளே நாற்பத்தொன்று போயிருக்கிறது. பக்கத்தில் ரேவதி, மடியில் சேலை வைத்த மஞ்சள் பை. அவளுக்கு அந்தப் பக்கம் தேவிப்ரியா.

"அந்த ஒரு வார்த்தையை அடிச்சிட முடியாதா அண்ணா?"

இந்தக் கதையில் எத்தனையோ அடித்துவிட்டேன், நீங்களே பார்த்தீர்கள். மனுவில் அடித்தல் திருத்தல் செல்லாது.

"நான் இன்னா செய்யட்டும்? நீங்கதானே எழுதினீங்க, சொல்லுங்க."

வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதினேன்.

நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டுவிட்டார்கள். ரேவதி எழுந்து உள்ளே போய்விட்டாள். பையை எடுத்துக்கொண்டு போனாளா, தேவிப்ரியாவிடம் கொடுத்துவிட்டுப் போனாளா என்று நான் பார்க்கவில்லை. தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரமும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள்தான். சொல்லுங்கள், பை எங்கே?