இருபத்தாறில் வைத்தது

...சொட்டுகிறது, இந்த நேரத்தில் சொட்டக்கூடாது, மதியம் மணி ஒன்றேகால், மாடியிலிருந்து இறங்கும் குழாயின் வாயிலிருந்து வாளிக்குள் ஒரு துளி, சற்றுப் பொறுத்து இன்னொன்று, அப்படியானால் மேலே ஏசி ஓடுகிறது. நேற்றும் ஓடியது. நேற்று வத்ஸலா கீழேயிருந்தே அணைத்துவிட்டாள், மாடிக்கும் சேர்த்து இந்த வீட்டுக்கு ஒரே மின்பலகை, அது அவளுடைய கூடத்துச் சுவரில் இருக்கிறது, ஒரு விரல் போதும். அணைத்தபின் மேலேயிருந்து எவராவது சண்டைக்கு வந்திருந்தால் தேவலை என்றிருந்தது. விதிகளை எழுதி மாடிக் கதவின் உட்புறம் அவளே ஒட்டியிருக்கிறாள், ஆறாம் விதி, குளிரூட்டியை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை மட்டுமே இயக்கலாம், இருபத்தாறு பாகைக்குக் கீழே வைக்கலாகாது. ஏழாம் விதி வெந்நீர்க் கருவிக்கு, அதை மாடியில் குடியிருப்பவர்கள் ஒழுங்காகத்தான் கடைப்பிடிக்கிறார்கள், பத்து நிமிடத்தில் அணைத்துவிடுகிறார்கள், பிறகு ஆறாம் விதிக்கு மட்டும் என்ன வந்தது? பழைய வீடு, பழைய கம்பி, பகலெல்லாம் ஓடினால் சுவருக்குள் சூடேறும், முன்பு குடியிருந்தவர்கள் காலத்தில் ஒரு முறை புகையே வந்தது, இதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது...

காலையிலேயே எழுதி வைத்துவிட்டாள், நான்கு வரி, இம்மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்து தரவும். தாளை நான்காக மடித்துக்கொண்டு படியேறினாள். பதினேழு படி. அந்தப் பெண் ஏஞ்சலுக்கு எட்டாம் மாதம், இந்தப் படிகளில் எப்படித்தான் ஏறி இறங்குகிறாளோ, வைகாசி வெயிலில் வீடு தேடி எங்கே அலைவாள்... அது உன் கவலை இல்லை, விதி என்றால் விதி. கருடசேவைக் கூட்டத்தில் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாய், உன் வீட்டு மாடியிலிருந்து வயிற்றுப்பிள்ளைக்காரியை அனுப்புவாயா? யார் கேட்பது இதை? அவர்தான், வேறு யார். அவள் கணவர் அழகியமணவாளன், போய் இரண்டு ஆண்டாகியும் சரியாக எட்டாம் படியில் குறுக்கே வந்து நிற்கிறார்.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. சன்னல் சாத்திய இருட்டுக்குள், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், வெள்ளையாக ஒரு எண் எரிந்துகொண்டிருந்தது. இருபத்தாறு. கட்டிலில் கிறிஸ்டோபர், ஏஞ்சலின் கணவன், வாயைத் திறந்துகொண்டு தூங்கினான், தொழிற்சாலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. ஏஞ்சல் வயிற்றைப் பிடித்தபடி எழுந்து வந்து, கதவைத் தன் முதுகால் சாத்திக்கொண்டாள்.

"மெதுவா பேசுங்க டீச்சரம்மா, இப்பதான் கண்ணு மூடினாரு. இந்த மாசம் பூரா நைட் ஷிப்டுமா. நேத்து கரண்டு போனதும் எழுந்து உக்காந்துக்கினாரு, நான் அட்டைய வச்சி விசிறிக்கினே இருந்தேன்."

கரண்டு போனதாம். போகவில்லை, பெண்ணே, போக்கினேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் வத்ஸலா சொன்னாள். உங்களிடம் கேட்கப் பயம் என்று அவள் கூசாமல் சொல்லிவிட்டு, உடனே சமாதானமும் சொன்னாள்.

"ஆனா இருபத்தாறுலதாம்மா வச்சிக்கினு இருக்கேன், நீங்க எழுதி ஒட்டினா மாதிரி. எங்க வூட்டுக்காரருதான் பதினெட்டுல வையின்னு ஒரே ரோதனை. இருபத்திரண்டுல வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்."

"நம்பறானா?"

"எங்க நம்பறது? நம்பரு மூஞ்சிக்கு நேரா எரியுதே." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தெரிஞ்சிதாம்மா படுத்துக்குது. நான் சொன்னேன்னு, ஆங், இப்ப ஜில்லுனு இருக்குதுங்குது."

மின்வேலை பார்க்கும் பரமசிவத்தை நாளைக்கே வரச்சொல்லி மாடிக்குத் தனிக் கம்பி இழுத்துவிடுகிறேன், அதுவரை ஓடட்டும், வெந்நீர்க் கருவியை மட்டும் கூடவே போடாதே என்று சொல்லிவிட்டு இறங்கினாள், தாள் உள்ளங்கை வியர்வையில் நனைந்து இன்னும் சிறிதாகியிருந்தது. ஜில்லுனு இருக்கு... இதே ஏசிதான், அவர் போனபின் மாடிக்கு மாற்றியது, அப்போது கீழறையில், அவருடைய கட்டிலுக்கு எதிரே இருந்தது. எரிகிறது வத்ஸலா, எத்தனையில வெச்சிருக்கே என்று கேட்டார். நெஞ்சில் சளி, குளிர் கூடாதென்று வைத்தியர் சொல்லியிருந்தார், இருபத்தாறில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு என்றாள், அவரிடம் அவள் சொன்ன பொய்களை எண்ண ஒரு விரல் போதும். அதான் ஜில்லுனு இருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டார். ஏமாந்துபோனார், பாவம் என்றல்லவா இந்த இரண்டு ஆண்டும் உறுத்தியது. கண்ணாடி போட்டிருந்தாரா அப்போது? கண்ணாடி இல்லாவிட்டால் எதிர்ச்சுவர் அவருக்கு வெறும் மங்கல், போட்டிருந்தால் அந்த எண்... சாப்பாடானதும் கழற்றிக் கூட்டில் வைப்பது அவள்தான், அன்று கழற்றினாளா, கேட்டது அதற்கு முன்பா, பின்பா? இந்த வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவள், மின்பலகைக்கு முன்னால் நின்று, மனத்துக்குள் அவருடைய மூக்கின் மேல் அந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் வைத்தாள்... வெளியே வாளி நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது.