அழிக்க வேண்டிய நாற்பத்தொரு அத்தியாயங்கள்

1

ஒன்பது நாட்களாக ஒரு பொத்தானை அழுத்தாமல் இருக்கிறேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது.

ஒரு தொலைக்காட்சித் தொடரில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் பாதியில் செத்துப்போனார். எனக்கு மனசு ஆறவில்லை. அவரைப் பிழைக்க வைத்து இணையத்தில் நாற்பத்தொரு அத்தியாயம் எழுதினேன். (இதற்கு ரசிகர் புனைவு என்று பெயர். எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது.) இப்போது ஒரு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போடுகிறது. பெயர்களை மாற்றியாயிற்று. மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடி விற்கிறார். மிச்சம் ஒரு நிபந்தனைதான்: இணையத்தில் இருப்பதை அழிக்க வேண்டும். அழித்தால் அடியில் இருக்கும் பின்னூட்டங்களும் போய்விடும்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “அவள் எழுத்தாளரான அன்று காலை மழை…”

மழை பெய்யவில்லை. நான் தண்ணீர் மாதிரிகளில் குளோரின் அளந்துகொண்டிருந்தேன்.

3

இந்தக் கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். இணையத்தில் அவர் பெயர் ‘அரைத்தூக்கம்’. பின்னூட்டம் போடுவார். “அந்த மனுஷனுக்கு ஒரு வாய் சாப்பாடு போட மாட்டியா? மூணு அத்தியாயமா பட்டினி கெடக்கறான்” என்று ஒருமுறை திட்டினார். அடுத்ததில் மருந்துக்கடைக்காரரைச் சாப்பிட வைத்தேன். அவர் ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் தெரியாது. இவ்வளவு தெரியாத ஒருவரை நீங்கள் நம்பும்படி எப்படி எழுதுவது?

4

முடிவுகள்.

அ) அழித்துவிடுகிறாள். புத்தகக் கடையில் யாரோ பக்கம் புரட்டி, “அட, நம்ம ஆளு” என்கிறார். (மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் எனக்கே கண் கலங்கியது. அதனால் நம்பவில்லை.)

ஆ) அழிக்கவில்லை. புத்தகம் வரவில்லை. அவள் நாற்பத்திரண்டாவது அத்தியாயத்தை…

எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.

5

இன்று மதிய இடைவேளையில் பதிப்பாசிரியர் அழைத்தார். மாதிரிகள் வைக்கும் குளிர் அறைக்குள் போய் நின்று பேசினேன். நாளை அச்சுக்குப் போக வேண்டும் என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“வாசகர்களை விட்டுட்டு வர மனசு வரல, அவ்வளவுதானேம்மா? அங்கயே ரெண்டு வரி எழுதிப் போட்டுட்டு அழிச்சிடு. எல்லாரும் புத்தகத்தைத் தேடி வந்துடுவாங்க.”

“எல்லாரும்னு யாரும் இல்லக்கா. ஒரே ஒருத்தர்தான்.”

“சரி, அவர்கிட்ட சொல்லிடேன்.”

உங்களிடமும் இதைச் சொல்லாமல்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

“இருபத்தாறாவது அத்தியாயத்துக்கு அப்புறம் அவர் வரவே இல்லக்கா. மீதி பதினஞ்சும், வருவாருன்னு எழுதினது.”