ஆறு மணி நேரம் நடந்து வந்த கரண்ட்

அந்த வேன் வீட்டில் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஸ்விட்சைப் போட்டால் விளக்கு மாலை ஆறு மணிக்கு எரியும். பழைய வேனை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து, தொண்ணூறு மீட்டர் வயரையும் தன் கையாலேயே இழுத்தவர் வீட்டுக்காரர். வெட்ட மனசு வராமல் மிச்சத்தையெல்லாம் பலகைச் சுவருக்குள் சுருட்டித் திணித்துவிட்டார். போதாக்குறைக்கு எல்லாமே சிவப்பு வயர். கரண்ட் அதற்குள் நடந்து வர ஆறு மணி நேரம் பிடித்தது. பார்க்க வந்தவர்கள் முதல் மாதம் சிரித்தார்கள், பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அவருடைய ஏழு வயது மகளுக்குத் தினமும் மாலை ஆறு மணிக்கு மூச்சு இழுக்கும். மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின் ஓடினால்தான் அடங்கும். அதனால் அம்மா சரியாகப் பன்னிரண்டுக்கு ஸ்விட்சைப் போட்டு, பன்னிரண்டு இருபதுக்கு அணைப்பாள். நேராகப் பேட்டரியில் மாட்டிப் பார்த்தபோது மெஷின் முனகக்கூட இல்லை. போன மாதம் ஒருநாள் அவள் மறந்துபோனாள். அன்று மகளின் உதடு நீலம் பாரித்துவிட்டது.

அம்மாவின் தம்பி வண்டி வயரிங் வேலைக்காரன். அந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு நினைப்பு. அக்கா சொன்ன கதையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு மதியம் வந்து ஸ்விட்ச் போர்டைக் கழற்றினான். கரண்ட் வருகிறதா என்று பார்க்க அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல இரண்டு முனைகளை உரசினான். பொறி பறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி உரசினான். மணி பன்னிரண்டு இருபத்திரண்டு.

“என்னடா பண்ணித் தொலைச்ச?” என்றாள் அக்கா. “இங்க எதுவும் உடனே நடக்காதுடா. ஆறு மணிக்கு மேல நடக்கும்.”

அவன் ஃபியூஸைப் பிடுங்கினான். பிரயோஜனமில்லை, உரசியதில் கிளம்பிய ஷார்ட் அதைத் தாண்டிப் போயிருந்தது. பிறகு பலகைகளைப் பெயர்த்து, ஒவ்வொரு சிவப்பு வயராக விரலால் தடவிக்கொண்டு போனான். இருப்பதெல்லாம் ஒரே நிறம் என்பதால் அதை இழுத்த அக்கா புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டினான். அவரும் தலையைக் குனிந்தபடி டார்ச் பிடித்தார். சரியான வயர் அகப்பட்டபோது மணி நாலரை. முன்னால் சில மீட்டருக்கு இளஞ்சூடு; அது மகளுக்கான கரண்ட். அதன் பின்னால் ஒரு சாண் குளிர்ச்சி. அதற்கும் பின்னால் விரல் வைக்க முடியாத கொதிப்பு. கால் மணி நேரம் கழித்துத் தொட்டபோது சாண் இரண்டு விரல்கடையாகக் குறைந்திருந்தது. ஷார்ட் முன்னால் போகும் கரண்டைவிட வேகமாக, அதுவும் வர வர வேகமாக நடந்துகொண்டிருந்தது. எட்டிப் பிடித்துவிட்டால் மெஷினும் அதை ஒட்டிய கட்டிலும் எரிந்துபோகும். முன்னால் வெட்டினால் தீ வராது, ஆனால் மூச்சும் வராது. அந்தக் குளிர்ச்சியில்தான் வெட்ட வேண்டும்.

தம்பி இரண்டு முறை வெட்டப் பார்த்தான். கட்டிங் பிளேயர் வயரில் நிற்காமல் வழுக்கியது.

“குடு இங்க,” என்று அக்கா அதை வாங்கினாள். மகளின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பவள்போல இடது கையின் பின்புறத்தை வயரில் வைத்து நகர்த்தினாள். இப்போது ஒரு விரல்கடைதான் மிச்சம். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். கொதித்த முனையைத் தம்பி தயாராக வைத்திருந்த ஈர மணல் வாளியில் செருகிய நொடியில் வாளி வெடித்து, மணல் கூரை வரைக்கும் அப்பியது.

ஆறு மணிக்கு மகளுக்கு இழுக்கத் தொடங்கியது. மெஷின் மௌனமாக இருந்தது. அம்மா முகமூடியை மகளின் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். அரை நிமிடம் தாமதமாக அது ஓடியது. அன்று மூன்று பெரியவர்களும் வெட்கமில்லாமல் அழுதார்கள்.

மறுநாள் காலையிலேயே தம்பி வயரை ஒட்டி டேப் சுற்றினான், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே கை வைக்கவில்லை. ஏழு வருடம் ஓடியது. ஒரு மாலை ஆறு மணிக்கு மெஷின் ஓடிக்கொண்டிருக்க, மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு இழுக்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த மாதம் முழுக்க இல்லை. அம்மா தினமும் பன்னிரண்டு மணிக்கு ஸ்விட்சைப் போட்டாள். மாலையில் ஆளில்லாத முகமூடியிலிருந்து புகை இருபது நிமிடம் மேலே போனது. இழுக்கத் தொடங்கிய பிறகு போட்டால் கரண்ட் வர ஆறு மணி நேரம் ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.